'ஓ' இல்லாத ஓ'சல்லிவன்கள்

கார்க் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ஓ'சல்லிவன் வம்சம். தன் தாத்தா பிறந்து வளர்ந்த வீட்டைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். அயர்லாந்தின் 1901, 1911 சென்சஸ் படிவங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதால் சரி என்றேன்.

1901-இல் 'ஓ'சல்லிவன்' என்று தேடினால் அந்தக் குடும்பம் வரவேயில்லை. வெறும் 'சல்லிவன்' போட்டால், சல்லிவன்கள் நிறைந்த தென்மேற்கு அயர்லாந்தின் பேரா தீபகற்பமே திரண்டு வருகிறது. 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். 'மாக்' என்றால் மகன். 1014-இல் க்ளான்டார்ஃப் போரில் இறந்த மன்னர் பிரையன் போருவின் வழிவந்தவர்கள்தான் ஓ'பிரையன்கள். நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதுபோல் மாறாமல், ஒரே மூதாதையோடு நின்றுவிட்ட பெயர்கள் இவை. ஆங்கிலேயர் பிடி இறுகிய 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பலர் 'ஓ'வைக் கைவிட்டார்கள். 1893-இல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற இயக்கம் தொடங்கிய காலத்தையொட்டித்தான் அது மெல்லத் திரும்பி வந்தது. (ஐரிஷ்காரர் 'மெக்', ஸ்காட்லாந்துக்காரர் 'மாக்' என்பதெல்லாம் கட்டுக்கதை. அது வெறும் எழுத்துச் சுருக்கம்.)

ஆகவே முன்னொட்டை விட்டு ஊரைப் பிடித்தேன். தாத்தாவின் அக்கா தங்கைகள் பெயரை அந்த அம்மா சொல்லச் சொல்ல, சல்லிவன் வீடுகளில் ஒன்று தேறியது.

1911-இல் அதே வீட்டைக் காணோம். ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்து ஒவ்வொரு படிவமாகத் திறந்தபோதுதான் புரிந்தது, யாரோ ஐரிஷ் மொழியில் நிரப்பியிருக்கிறார்கள். அப்பாவும் பையன்களும் 'ஓ சூலவான்', கல்யாணமாகாத மகள்கள் 'நீ ஹூலவான்', அம்மா 'ஈ ஹூலவான்'. ஒரே குடும்பம்தான்! இன்னொரு வேடிக்கை: 1901-இல் 56 வயதாக இருந்த அப்பா 1911-இல் 72. 1909 முதல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்ததே, காரணம் வேறென்ன இருக்கும்?

அதற்கு முந்தைய சென்சஸ்களை மறந்துவிடலாம். 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்தது. அதற்கும் முந்தையவை பெரும்பாலும் 1922-இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத் தீயில் போயின. மிச்சம் 1847–64 கிரிஃபித் நில மதிப்பீடு. தாத்தாவுடைய அப்பாவின் கல்யாணப் பதிவில் அவருடைய தகப்பன் பெயர் ஜான் என்றிருந்ததால் அங்கே ஜானைத் தேடினேன். அதே ஊரில் இரண்டு ஜான் சல்லிவன்கள். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'ஜாக்'. ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய எழுத்தர்கள் தகப்பன் பெயரையோ பட்டப்பெயரையோ இப்படிச் சேர்ப்பது வழக்கம்.

நம் ஆள் எவர் என்பதற்கு ஆதாரமில்லை. நிலம் அதிகமாக வைத்திருந்தவர்தான் என்று அந்த அம்மா முடிவே கட்டிவிட்டார்.