ஜவ்வாது மலைச் சரிவு: காட்டுக் குறிப்புகள்

ஜனவரி 20
வெக்காலி மரமும் வெட்பாலை மரமும் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டன. தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லும் சருகும் நீக்கிய வெறுந்தரைப் பட்டை) வெட்ட இதுவே நேரம். ஒருமுறை வெட்டினால் போதாது. சருகு விழுந்துகொண்டே இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது பெருக்காத கோடு தீயை நிறுத்தாது. அகலம் குறைந்தது 3 மீட்டர், இடம் மலைமுகடு. சரிவின் நடுவில் போட வேண்டி வந்தால், கோட்டின் கீழ்விளிம்பில் பள்ளம் தோண்டி வரப்பு கட்டுங்கள். மேலே எரியும் கட்டைகள் உருண்டுவந்து கோட்டைத் தாண்டுவதால்தான் பல இடங்களில் தீ கைமீறுகிறது.

மார்ச் 11
2018-இல் இதே நாளில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். சுடரின் வெப்பம் மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சாய்வு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் தீக்கு மேற்புறம் யாரையும் நிறுத்தவே கூடாது.

ஜூன் 24
முதல் மழை பெய்து மண் இளகியிருக்கிறது. காட்டை ஆக்கிரமிக்கும் அயல்புதரான உன்னிச்செடியைக் காய் பிடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். சமவெளியில் செய்வதுபோல இயந்திரம் வைத்துத் தோண்டினால், அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். வெறுமனே அரிவாளால் வெட்டினால் தூரிலிருந்து இரட்டிப்பாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு குழுவினர் வகுத்த முறைதான் சரிவுக்குப் பொருத்தம்: ஒருவர் புதரை நெம்பித் தூக்க, மற்றவர் தரைமட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரை வெட்ட வேண்டும். வெட்டிய புதரை வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். தண்டு ஈரமண்ணில் பட்டால் மறுபடி வேர்விடும். மேலிருந்து கீழாக முழுச் சரிவையும் ஒரே பருவத்தில் வெறுமையாக்காமல், திட்டுத்திட்டாகப் போவது நல்லது. புதருக்குள் முதலில் குனிந்து பாருங்கள். பறவை எச்சத்தில் விழுந்து, ஆடு மேயாமல் தப்பிய சந்தனக் கன்று உள்ளே நிற்கலாம்.

ஆகஸ்ட் 30
எடுத்த இடமெல்லாம் உன்னி நாற்று. கையால் பிடுங்க வரும் வயது இது. காலியான திட்டில் உள்ளூர்ப் புல்விதை தூவியாக வேண்டும்; விட்டால் உன்னியே திரும்பும்.

செப்டம்பர் 22
வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓடைகளில் கல் தடுப்பு. மேல்தடுப்பின் அடியும் கீழ்த்தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி இடைவெளி விடவும். நடுப்பகுதி தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் கரையைச் சுற்றி அறுத்துக்கொண்டு ஓடும்.

அக்டோபர் 15
மரக்கன்று நடவு. குழிக்குக் கீழ்ப்புறம் பிறைவடிவ வரப்பு. பாறைமேல் மெல்லிய மண் உள்ள இடத்தில் நீண்ட அகழி வெட்டாதீர்கள், நீர் தேங்கி மண்படலமே சரியும். சந்தனம் பிற மரவேர்களை ஒட்டிச் சத்தெடுப்பது. பக்கத்தில் வெட்பாலையோ உசில மரமோ இல்லாமல் தனியாக நட்டால் வெளிறி நின்றுவிடும்.