கிட் காருக்கு ஆல்டர்னேட்டர் ஒயரிங்: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஆட்டோ எலக்ட்ரிகல் செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் என் கிட் காருக்கும் (பாகங்களாகச் சேர்த்து நாமே பூட்டும் கார்) ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். சார்ஜிங் சர்க்யூட், அதாவது எஞ்சின் சுழற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பும் சுற்று, தேர்வில் கட்டாயம் வரும் என்று தெரியும். அதனால் முதலில் ஒயர் நிறங்களையெல்லாம் மனப்பாடம் செய்தேன். அது இரண்டு இடத்திலும் உதவவில்லை. கிட் காரில் எஞ்சின் ஒரு வண்டியிலிருந்து வந்திருக்கும், ஹார்னஸ் (ஒயர்க்கட்டு) வேறொன்றிலிருந்து வந்திருக்கும், டாஷ்போர்டை நாமே செய்திருப்போம். நிறத்தை நம்பி எதையும் இணைக்க முடியாது. தேர்விலும் நிறத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. மேசைமேல் ஓர் ஆல்டர்னேட்டரை வைத்து, "எந்த டெர்மினல் எதற்கு, ஏன்?" என்றுதான் கேட்டார்கள்.

அதன்பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். தினமும் ஒரு வெள்ளைத்தாளில் சர்க்யூட்டைப் பார்க்காமல் வரைவேன். மின்சாரம் பேட்டரியில் கிளம்பி எந்த வழியாகப் போய் எப்படித் திரும்புகிறது என்று விரலை வைத்துத் தொடர்ந்து போவேன். விரல் எங்கே தயங்குகிறதோ, எனக்கு அங்கே புரியவில்லை என்று அர்த்தம். என் விரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நின்றது, பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று டாஷ்போர்டில் எச்சரிக்கும் சார்ஜ் விளக்கில்.

பலரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் கொண்டுபோகும் பி பிளஸ் டெர்மினலின் தடித்த கேபிளையே கவனிக்கிறார்கள். சார்ஜ் விளக்கிலிருந்து டி பிளஸ் என்ற டெர்மினலுக்குப் போகும் மெல்லிய ஒயரை வெறும் எச்சரிக்கை விளக்குக்கான ஒயர் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய பாணி ஆல்டர்னேட்டரில் வேலையைத் தொடங்கிவைப்பதே அந்த ஒயர்தான். சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், விளக்கு, டி பிளஸ், ரோட்டார் சுருள் (சுழலும் மின்காந்தம்), ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) வழியாக எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்துக்கு, ஒரு சிறு மின்னோட்டம் போகும். 12 வோல்ட், 2.2 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 0.18 ஆம்பியர். ரோட்டாரை முதலில் காந்தமாக்க அது போதும். எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் ஸ்டேட்டரில் (சுழலாமல் நிற்கும் சுருள்களில்) மின்சாரம் பிறக்கும். மூன்று சிறு டையோடுகள் (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுபவை) வழியாக ஆல்டர்னேட்டர் தன் ரோட்டாருக்குத் தானே ஊட்டிக்கொள்ளும். அப்போது டி பிளஸ்ஸிலும் 14 வோல்ட், விளக்கின் மறுபக்கத்திலும் 14 வோல்ட். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டதால் விளக்கு அணைகிறது. அதை அணைக்கத் தனியாக ஒரு சுவிட்ச் கிடையாது. இது விளங்கிவிட்டால் பழுது பற்றிய கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வரும். சாவி போட்டும் விளக்கு எரியவில்லையா? பல்பு, ஒயர், ரோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் மூன்றையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பிரகாசமாக எரிகிறதா? பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். மங்கலாக எரிகிறதென்றால் டையோடு ஒன்று போயிருக்கலாம்.

இதை நான் புரிந்துகொண்டது என் வண்டியில் தவறு செய்த பிறகுதான். டாஷ்போர்டு அழகாக இருக்கட்டும் என்று பல்புக்குப் பதிலாக எல்இடி போட்டேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்து பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட், ஏறவே இல்லை. ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்திய பிறகுதான் திடீரென்று 14.2க்குத் தாவியது. எல்இடி விடும் மின்னோட்டம் 0.02 ஆம்பியர் அளவுதான். ரோட்டாரை எழுப்ப அது போதவில்லை. எல்இடிக்கு இணையாக 56 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட்டது. கணக்கைத் தேர்வில் எழுதிக் காட்டுங்கள்: 12ஐ 56ஆல் வகுத்தால் 0.21 ஆம்பியர், அதை 12ஆல் பெருக்கினால் 2.6 வாட். அதனால்தான் 5 வாட் ரெசிஸ்டர்; கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும்.

அப்புறம் இன்னொன்று முளைத்தது. சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை! டி பிளஸ்ஸில் இருந்த 14 வோல்ட், அந்த ரெசிஸ்டர் வழியாகவே இக்னிஷன் லைனுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்த ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) விடாமல் பிடித்து வைத்திருந்தது. விளக்கு ஒயரில் ஒரு டையோடைத் தொடராகச் சேர்த்தேன். கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்க வேண்டும். இந்தக் கேள்வி தேர்வில் வாய்மொழியாக வந்தது. வண்டியில் பட்டிருந்ததால் யோசிக்காமல் சொன்னேன்.

கேபிள் தடிமனை அட்டவணை பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட ஒரு முறையாவது கையால் கணக்குப் போடுவது நல்லது. என் வண்டியில் பேட்டரி இருக்கைக்குப் பின்னால். பி பிளஸ்ஸிலிருந்து அதுவரை 4 மீட்டர். 60 ஆம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 0.7 வோல்ட் இழப்பு, அதாவது 42 வாட் வெப்பம். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுதான். பேட்டரிக்கு 14.2க்குப் பதில் 13.5 போனால் அது முழுதாக நிரம்ப வெகுநேரம் ஆகும். இந்தக் கேபிளின் ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். கேபிள் எங்காவது உரசி எர்த் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான்.

எர்த் விஷயத்தில் கிட் கார் தனி ரகம். பாடி ஃபைபர் கிளாஸ். மின்சாரம் அதன் வழியாகத் திரும்பாது. சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங். அதைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியாமல் லக்கை (கேபிளின் இணைப்பு முனையை) இறுக்கினால் பயனில்லை. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட்டில். ஆல்டர்னேட்டருக்கு எர்த் கிடைப்பதோ அதன் பிராக்கெட் வழியாக எஞ்சினிலிருந்து. எனவே எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே தடித்த ஸ்ட்ராப் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் சுடும்.

வாங்கும்போதே உள்ளே ரெகுலேட்டர் உள்ள, டி பிளஸ் டெர்மினல் உள்ள ஆல்டர்னேட்டராகப் பாருங்கள். புதிய வண்டிகளின் ஆல்டர்னேட்டர்கள் பல, எஞ்சின் கம்ப்யூட்டரின் கட்டளைக்குக் காத்திருப்பவை. அவற்றைச் சாதாரண விளக்கு ஒயரால் எழுப்ப முடியாது.

தேர்வு அறையில் ஸ்பேனரைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் லக்கைக் கழற்றுங்கள். சாவி அணைந்திருந்தாலும் பி பிளஸ்ஸில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஆனால் எஞ்சின் ஓடும்போது அதே லக்கைக் கழற்றிச் சோதிக்கவே கூடாது. வோல்டேஜ் எகிறி டையோடுகளும் மற்ற எலக்ட்ரானிக் பாகங்களும் போய்விடக்கூடும்.

எனக்குக் கொடுத்த வண்டியில் ஒரு பழுதை வைத்திருந்தார்கள். ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்து அளந்தேன். பி பிளஸ்ஸுக்கும் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நடுவே 14.3, பேட்டரியில் 13.1. நடுவே 1.2 வோல்ட்டைக் காணோம். பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் தனியாக அளந்தால் 0.1. அது சரி. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை அளந்தால் 1.1. ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை. நேராக எர்த் ஸ்ட்ராப்புக்குப் போனேன். நட்டு தளர்ந்திருந்தது. இறுக்கியதும் பேட்டரியில் 14.1 காட்டியது. முன் அளவு, பின் அளவு இரண்டையும் விடைத்தாளில் எழுதினேன். தேர்வாளர் அந்த இரண்டு வரிகளைத்தான் முதலில் படித்தார்.