தோல் வாஷர்

மார்ச் 3

யூடியூபில் காணொளி போட்டு நாற்பது நிமிஷம்கூட ஆகலை, மஞ்சள் டாலர், அதாவது விளம்பர வருமானத்துக்குக் கட்டுப்பாடு. காரணம்: 'ஆயுதத் தயாரிப்பு'. அப்பீல் போட்டாச்சு, ஒரு வாரம் ஆகுமாம். அப்பா ரிப்போர்ட்டும் பத்தாம் தேதிதான்.

மார்ச் 4

மூச்சுப் பயிற்சி டப்பாவில் அப்பா எழுப்பினது ஒரு பந்து.

மார்ச் 5

தூக்கம் வரலை. அப்படி என்னத்தைத் தயாரிச்சுட்டேன்? பிவிசி பைப்பும் கோலிக்குண்டும் வச்சு ஜிராண்டோனி எப்படி வேலை செய்ததுன்னு காட்டினேன். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்கு வந்த காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்தும் இல்லை, புகையும் இல்லை. மத்தவன் ஒவ்வொரு வெடிக்கும் குழலில் மருந்தைக் கெட்டிச்சிட்டிருந்த காலத்தில், இதில் பக்கக் குழாயில் இருபது குண்டு வரிசையா நிற்கும். முனையைத் தூக்கினால் தானே உருண்டு வரும். குறுக்குக் கட்டையை ஒரு தள்ளு, சுடு. பின்கட்டைதான் காற்றுக் குடுவை. அதை நிரப்பத்தான் பாடு: கைப்பம்பில் சுமார் 1500 அடி.

நெப்போலியன் இந்தத் துப்பாக்கிக்காரர்களைத் தூக்கில் போடச் சொன்ன கதையை ஆதாரம் சிக்கலைன்னு நானே வெட்டிட்டேன். இருந்திருந்தா இன்னும் நாலு பேர் பார்த்திருப்பாங்க. போகட்டும்.

மார்ச் 6

"ஆயிரத்து ஐந்நூறா? அளக்காதேடா" என்றார் அப்பா. முப்பது வருஷம் சைக்கிள் கடை வச்சவர். சரி, அடிச்சே காட்டறேன்னு பரணிலிருந்து பழைய பம்பை இறக்கினேன். அவர் அந்த மூணு பந்து டப்பாவை மடியில் வச்சுக்கிட்டு எண்ணினார். 112-ல் என் தோள் விட்டுப்போச்சு. அவருக்கும் எண்ண மூச்சு இல்லை, விரலை மட்டும் மடக்கிட்டிருந்தார்.

அப்புறம் பம்பைக் கையில் வாங்கி, மூடியைத் திருகி, கம்பியை உருவினார். நுனியில் வாஷர் காய்ந்த சுண்டைக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது. ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி, குடை மாதிரி விரியவச்சார். எவ்வளவு நேரம்! "தோல் காஞ்சா காத்து நிக்காது." திரும்ப அடிச்சேன், பிடிச்சது.

ஆஸ்திரியாக்காரன் மாட்டிக்கிட்டதும் இதில்தான். தோல் அடைப்பு ஈரமாவே இருக்கணும். ரிவெட் அடிச்ச இரும்புக் குடுவை வேறு அடிக்கடி கசியும். 1815-க்குள் மூட்டை கட்டிட்டாங்க. பன்னிரண்டு நிமிஷக் காணொளியில் இதற்கு நான் கொடுத்தது ஒரே வரி. மஞ்சள் டாலரைவிட அதுதான் உறுத்துது.

மார்ச் 7

ரெண்டு பந்து! மூணாவது அசைஞ்சுதுன்னு அம்மா சத்தியம் பண்றா.

மார்ச் 8

அடுத்த பகுதிக்கு எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். 1803 ஆகஸ்ட், பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு தீவு. அமெரிக்கப் பயண ஆய்வாளர் மெரிவெதர் லூயிஸ் தன் காற்றுத் துப்பாக்கியைக் காட்டி முடிக்கிறார். (ஜிராண்டோனிதான் என்பது பலர் கருத்து, அப்படியேதான் சொல்லணும்.) வாங்கிப் பார்த்தவர் கையில் அது தவறி வெடிக்க, நாற்பது கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைச்சு நெற்றிப்பொட்டைக் கீறுது. ரத்தம் கொட்ட விழுந்துட்டாங்க, செத்தே போயிட்டாங்கன்னு நினைச்சிருக்காங்க.

"பொழைச்சாளா?"

"பொழைச்சுட்டாங்கப்பா. பெரிய காயம் இல்லை."

ராத்திரி விளக்கை அணைச்ச பிறகு மறுபடி கேட்டார்.

மார்ச் 9

நிராகரிப்பு. மனிதரே பார்த்தாராம். கோலிக்குண்டையுமா பார்த்தார்?

மார்ச் 10

டோக்கன் 34. இப்போ 19 ஓடுது.