பறிப்பு நாளைப் பார்த்து மருந்து: கத்தரிக்கு எச்ச ஆய்வு எடுத்த அனுபவம்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்குக் கத்தரி விவசாயம். மண்டியில் காயின் நிறத்தையும் பருமனையும் தவிர வேறு எதையும் கேட்க மாட்டார்கள். பெரிய கடைகளுக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர், காயில் பூச்சிமருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் எச்ச ஆய்வின் அறிக்கை இருந்தால் நேரடியாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சரி, செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

அவர் முதலில் கேட்டது மருந்து வாங்கிய பில்லும், என்று எந்த மருந்து எவ்வளவு அடித்தோம் என்ற நோட்டும். நோட்டு எழுத உட்கார்ந்தபோதுதான் லேபிளை முழுசாகப் படித்தேன். எந்தப் பயிருக்கு அனுமதி, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. காய்த்துளைப்பானுக்கு எல்லோரும் அடிக்கும் குளோரான்ட்ரானிலிப்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்குக் காத்திருப்பு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்தரிக்கோ 22 நாள்! டப்பாவில் இருப்பது பச்சை முக்கோணம். பச்சை என்றால் நஞ்சு குறைவு. ஆனால் அந்த நிறம் நஞ்சின் கடுமையைத்தான் சொல்லும், காத்திருக்கும் நாளைச் சொல்லாது. ஐந்து நாளுக்கு ஒரு பறிப்பு நடக்கும் வயலில் 22 நாள் யார் காத்திருப்பது? அதனால் அதைப் பூப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டோம். பறிப்பு தொடங்கிய பிறகு, தேவைப்பட்டால் மட்டும் எமாமெக்டின் பென்சோயேட். அதற்குக் கத்தரியில் 3 நாள். காலையில் பறித்துவிட்டு மாலையில் அடித்தால் அடுத்த பறிப்புக்குள் கெடு தாண்டிவிடும். கூடவே ஆண் பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தோம், புழு துளைத்து வாடிய குருத்தைக் கிள்ளி அழித்தோம். மருந்து அடிக்கும் தடவையும் தானாகக் குறைந்தது.

கடையில் மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்தைக் கேட்டால் சில இடங்களில் இன்னமும் கொடுக்கிறார்கள். காய்கறிக்கு அது தடை செய்யப்பட்டது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. முகமூடிகூட இல்லாமல் டேங்க்கைச் சுமப்பது நம் வீட்டு ஆள்தானே?

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எச்ச ஆய்வகம் இருக்கிறது. வயலின் பல இடங்களிலிருந்து பறித்த காயைக் கழுவாமல், புதுப் பையில் போட்டு அன்றே கொண்டுபோனோம். காயில் எவ்வளவு மிஞ்சலாம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் பயிர்வாரியாக வரம்பு உண்டு. அப்படி வரம்பு நிர்ணயிக்காத மருந்தாக இருந்தால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அனுமதி இல்லாத மருந்து மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். எங்கள் அறிக்கையில் எதுவும் வரம்பைத் தாண்டவில்லை.

வியாபாரி எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆய்வுக் கட்டணம் ஒரே ஆளுக்குச் சுமைதான். அதனால் அடுத்த போகத்தில் பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஒரே மருந்து அட்டவணை, ஒரே மாதிரி நோட்டு என்று சேர்கிறார்கள்.