சித்தப்பாவின் இரண்டு மெகாபிக்சல்

25 ஜனவரி 2025, சனி

பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கும் சித்தப்பா வீட்டு அலமாரியை ஒழித்துக் கொடுக்கப் போனேன். பிஸ்கட் டின்னுக்குள் ஒரு துணிப்பை, அதற்குள் அந்தக் கேமரா. கேனன் டிஜிட்டல் இக்சஸ், 2000-இல் வந்த முதல் மாடல். 87 மில்லிமீட்டர் அகலம், 57 உயரம், தடிமன் 27-ஐக் கூடத் தொடாது. எடை 190 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அந்த வருடம் இதைப் பார்த்தவர்கள் எல்லாம் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"எடுத்துக்கிட்டுப் போப்பா. எனக்கு இது ராசியில்லை. கை நடுங்கும்," என்றார் சித்தப்பா.

அந்தக் 'கை நடுங்கும்' எங்கள் குடும்பத்தில் இருபத்து நான்கு வருடக் கதை. 2001 தைப்பூசத்தில், பாட்டி வெள்ளி ரதத்துக்கு அர்ச்சனைத் தட்டு நீட்டும்போது சித்தப்பா இதில்தான் படம் எடுத்தார். படம் கலங்கிப் போனது. அடுத்த தைப்பூசத்துக்குப் பாட்டி இல்லை. பாட்டியும் ரதமும் சேர்ந்த படம் எங்களிடம் வேறு கிடையாது. கல்யாண வீடுகளில் யாராவது கேமராவைத் தூக்கினால், "அவர்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க" என்று இன்றைக்கும் சித்தி சொல்வார்.

தைப்பூசத்துக்கு இன்னும் பதினேழு நாள். கேமராவை முழுசாகச் சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

பேட்டரி லேசாக உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி உப்பினால் சார்ஜ் போடவே கூடாது, எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். லென்சை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பூஞ்சை இல்லை. பினாங்கு ஈரத்தில் இத்தனை வருடம் டின்னுக்குள் கிடந்த லென்சில் பூஞ்சை பிடிக்காதது பெரிய விஷயம். பழைய கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே படங்களைச் சேமிக்கும் கம்பேக்ட்ஃபிளாஷ் அட்டை. கேமராவுடன் வந்ததேதான், 8 எம்பி. ஜிபி இல்லை, எம்பி! உயர்ந்த தரத்தில் எடுத்தால் பத்துப் படம்கூடக் கொள்ளாது. நண்பரிடம் கார்டு ரீடர் இரவல் வாங்கிச் செருகினேன்.

ஏழு படங்கள் இருந்தன. ஆறாவது, அந்தப் படம்.

சித்தப்பா அதை அழிக்கவில்லை. இடம் இல்லாத அட்டையில் அதற்கு இடம் வைத்திருந்திருக்கிறார்.

1 பிப்ரவரி, சனி

சீனப் பெருநாளுக்கு மூடியிருந்த கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒரு கடையில் புதிது என்று சொல்லி விற்ற பேட்டரி நான்கு படத்தோடு படுத்துவிட்டது. திரும்பிப் போனால் மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். இன்னொரு கடையில் வாங்கியது நன்றாக இருக்கிறது. என்.பி.-1எல் என்ற எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய கையிருப்பு வேண்டாம், பேட்டரி சும்மா கிடந்தாலும் வயதாகும்.

அட்டை வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். இந்தத் தலைமுறைக் கேமராக்கள், கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய எஃப்.ஏ.டி.16 முறையில்தான் அட்டையைப் படிக்கும். அதன் எல்லை 2 ஜிபி. பெரிய அட்டை போட்டால் கேமரா முழிக்கும். நான் 256 எம்பி ஒன்று தேடிப் பிடித்தேன். அதுவே ஏராளம்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பசியாறிவிட்டு லிட்டில் இந்தியாவுக்கு நடந்தேன். காலை ஒன்பது மணி வெயில், பூக்கடைகள், புடவைக் கடை வாசல்கள். இந்தக் கேமராவுக்கு ஏற்ற வெளிச்சம் இதுதான்.

மஞ்சள் சாமந்தி, சிவப்புப் பட்டு, தோல் நிறம் எல்லாம் அழகாக விழுகின்றன. என் கைப்பேசி நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, முகத்தை மெழுகி ஒரு படத்தைக் கட்டிக் கொடுக்கும். இது பார்த்ததை வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிழல் நிழலாகவே இருக்கிறது. வெளிச்சத்தைப் படமாக்கும் பழைய சிசிடி சென்சாருக்கு ஏதோ மந்திரம் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நிறத்தை முடிவு செய்வதில் சென்சாருக்கு மேல் இருக்கும் வண்ண வடிகட்டிக்கும் உள்ளே ஓடும் நிரலுக்கும்தான் பெரிய பங்கு. ஒவ்வொரு புள்ளியும் தன் மேல் இருக்கும் வடிகட்டி விடும் நிறத்தை மட்டுமே பார்க்கிறது. மற்றவற்றைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கை இக்சஸ் செய்தவர்கள் அக்கறையோடு செய்திருக்கிறார்கள்.

வெள்ளை வேட்டிதான் சிக்கல். உச்சி வெயிலில் மடிப்பே தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. அந்தக் காலத்துச் சின்ன சென்சார் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து எடுத்தால் மடிப்பு திரும்பி வருகிறது.

5 பிப்ரவரி, புதன்

வேலை முடிந்து வந்து ஷட்டரை மட்டும் பழகினேன். பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் கேமரா முதலில் ஃபோகஸ் தேடி, வெளிச்சம் அளந்து, பிறகுதான் எடுக்கும். அதற்குள் பூனை போய்விடுகிறது. பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேரம் வந்ததும் மீதியை அழுத்தினால் கிட்டத்தட்ட உடனே எடுக்கிறது. இதைச் சித்தப்பாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஃபிலிம் கேமராவில் அமுக்கியவுடன் எடுத்துப் பழகிய கை அது.

8 பிப்ரவரி, சனி

ஆறாவது படத்தை இன்று உட்கார்ந்து ஆராய்ந்தேன்.

படக்கோப்புக்குள்ளேயே எடுத்த விவரங்கள் பதிந்திருக்கின்றன. ஷட்டர் கால் நொடி திறந்திருக்கிறது, ஃப்ளாஷ் இல்லை. ரதத்தின் விளக்குகள் ஒவ்வொன்றும் சின்ன 'ட' போல வளைந்து கோடாகியிருக்கின்றன. ரதம் நகர்ந்ததால் இப்படி ஆனதா, கை அசைந்ததாலா? அதற்கும் படத்திலேயே பதில் இருக்கிறது. பின்னால் ஒரு தெருவிளக்கு. அது நகராது. அதுவும் அதே 'ட'தான். ஆக, அசைந்தது கைதான்.

அப்படியானால் சித்தி சொன்னது சரியா? இல்லை. கையில் பிடித்து எடுக்க ஒரு பழைய கணக்கு உண்டு. 35 மில்லிமீட்டர் லென்சுக்குச் சமமான அகலத்தில் எடுத்தால், ஷட்டர் 35-இல் ஒரு பங்கு நொடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. கால் நொடி என்பது அதைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இந்த லென்சின் மிகப் பெரிய திறப்பு எஃப் 2.8, அதற்கு மேல் வெளிச்சம் வாங்க வழியில்லை. இன்றைய கைப்பேசி அசைவைத் தானே சரிசெய்து, பல படங்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறது. இந்தச் சின்னப் பெட்டிக்குள் அந்த வசதி எதுவும் கிடையாது.

எண்ணாகச் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள். எடுத்துக் காட்ட வேண்டும்.

10 பிப்ரவரி, திங்கள்

விடுப்பு எடுத்திருந்தேன். தைப்பூசத்துக்கு முதல் நாள். தங்க ரதமும் நகரத்தார் வெள்ளி ரதமும் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் புறப்படும் நாள்.

காலையில் டத்தோ கிராமாட் சாலையோரம் நின்றேன். தேங்காய்கள் குவியல் குவியலாக. சீனக் குடும்பங்களும் நம்மவர்களும் பக்கம் பக்கமாக நின்று ரதம் வரும் வழியில் உடைக்கிறார்கள். தேங்காய் சிதறும் கணத்தைப் பிடிப்பதுதான் என் முதல் சோதனை. சாலையில் ஓர் இடத்தைக் குறிவைத்துப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கை மேலே போனதும் மீதியை அழுத்தினேன். பன்னிரண்டில் மூன்று கிடைத்தன. ஒன்றில் தண்ணீர் விசிறியாகத் தெறித்து நிற்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பகலில் பந்தல்களில் மோர் குடித்துக்கொண்டு சுற்றினேன். உறுமியும் பாட்டும் காதைப் பிளந்தன. வேப்பிலை, மஞ்சள், பால்குடம். எடுத்ததெல்லாம் நன்றாக வந்தது.

இருட்டிய பிறகு, ரதம் தண்ணீர்மலையை நெருங்கும் இடத்துக்குப் போய் நின்றேன். பின்பக்கத் திரை ஒன்றரை அங்குலம்தான். ரதத்தைக் காட்டியதும் விளக்குகளிலிருந்து மேலும் கீழுமாக வெளுத்த கோடுகள் ஓடின. பழுதோ என்று யாரும் பயப்பட வேண்டாம். சிசிடியில் மின்னூட்டம் வரிசை வரிசையாக நகர்ந்து வெளியேறும்போது, பலமான வெளிச்சம் போகிற வழியெல்லாம் கசிகிறது. படம் எடுக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்வதால் படத்தில் அந்தக் கோடு விழாது.

முதலில் சித்தப்பா எடுத்த மாதிரியே எடுத்தேன். ஃப்ளாஷ் இல்லை, கையில் பிடித்து, கூட்டம் முதுகில் முட்ட. பதினான்கு படம். பதினான்கும் கலங்கின. எல்லாவற்றிலும் விளக்குகள் வளைந்து கோடாகியிருக்கின்றன. ஒன்றில் அதே 'ட'. எனக்கு அவரைவிட நல்ல கை என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் விளக்குக் கம்பத்தில் கேமராவை வைத்து அழுத்திப் பிடித்து, டைமரைப் போட்டு எடுத்தேன். பொத்தானை அமுக்கும் அசைவு அதில் இருக்காது. ரதம் அர்ச்சனைக்கு நின்ற நேரம். ஒரு பாட்டி தட்டோடு கையை நீட்டினார். அவர் முகம் தெரியவில்லை, நரைத்த கொண்டை மட்டும். ரதத்தின் வெள்ளி வேலைப்பாடு தெளிவாக விழுந்திருக்கிறது, பாட்டியின் கை மட்டும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. ஒரே ஒரு படம்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு மலை ஏறினேன். 513 படி.

15 பிப்ரவரி, சனி

படங்களைப் பிரிண்ட் போட்டேன், 4ஆர் அளவில், அதாவது ஆறுக்கு நான்கு அங்குலம். இந்தக் கேமராவைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து மதிப்பிடுவது நியாயமில்லை. 1600-க்கு 1200 புள்ளி, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்கும் குறைவு. ஆறங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 266 புள்ளி கிடைக்கிறது, ஆல்பத்தில் வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு அது போதும். ஆல்பத்துக்காகவே செய்த கேமரா இது, அந்த வேலையை இன்றைக்கும் சுத்தமாகச் செய்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கேமராவின் படம் நான்குக்கு மூன்று. 4ஆர் தாள் மூன்றுக்கு இரண்டு. கடையில் தாளை நிரப்பி அடித்துக் கொடுத்தார்கள். மேலும் கீழும் சேர்த்து 130 புள்ளி வரிசைக்கு மேல் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. இரண்டு பேருக்கு உச்சந்தலை இல்லை. வெள்ளை ஓரம் விட்டு முழுப்படமாக அடிக்கச் சொல்ல வேண்டும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஆயர் ஈத்தாம். சித்தி காப்பி கலக்கிக் கொண்டுவந்தார். 2001 படத்தையும் என்னுடைய கலங்கிய படத்தையும் மடிக்கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தெருவிளக்கைக் காட்டினேன், கால் நொடிக் கணக்கைச் சொன்னேன். சித்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கும் இப்படித்தான் வந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் சித்தி, பதினான்கு தடவை.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கேமராவை வாங்கி, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்து, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார். விட்டார். மறுபடி அழுத்தினார். கம்பத்தில் வைத்து எடுத்த படம் நல்லா இருக்கு என்றார். பிறகு தன்னுடைய ஆறாவது படத்தைச் சுட்டினார்.

"இதையும் ஒண்ணு போட்டுக் குடு. நீ சொன்னியே, அந்த வெள்ளை ஓரம் விட்டு. அம்மா தட்டு கீழ் ஓரத்துல இருக்கு பாரு, வெட்டிடப் போறாங்க."