லினக்ஸில் வணிக விளையாட்டுகள்: கொண்டுவருவதும் காப்பாற்றுவதும்

பெரிய நிறுவனங்களின் கணினி விளையாட்டுகள் லினக்ஸுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், பயனர்கள் குறைவு என்ற ஒற்றை விடையோடு பேச்சை முடித்துவிடுவது வழக்கம். அது பொய்யில்லை, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டுவதற்கே 2025 வரை ஆயிற்று. ஆனாலும் பல ஆண்டுகளாக லினக்ஸில் மட்டுமே விளையாடி வரும் எனக்கு அந்த விடை போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவருவதைவிட, கொண்டுவந்ததைப் பத்து ஆண்டுகள் ஓடவைப்பதுதான் கடினம் என்பது என் கருத்து.

1998இல் ஸ்காட் ட்ரேக்கர் தொடங்கிய லோக்கி சாஃப்ட்வேர், விண்டோஸ் விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றி எழுதி, பெட்டியில் போட்டு விற்ற நிறுவனம். 'சிவிலைசேஷன்: கால் டு பவர்' அப்படித்தான் வந்தது. ஆனால் விண்டோஸ் பதிப்பு முதலில் வெளியாகி, லினக்ஸ் பதிப்பு பின்னால் வந்து சேரும் நிலையில், ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர் எத்தனை பேர் காத்திருப்பார்கள்? 2002 ஜனவரியில் லோக்கி மூடப்பட்டது. அங்கே பணியாற்றிய சாம் லாண்டிங்காவின் எஸ்டிஎல் நூலகம் (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளுக்கு அடித்தளமாக இருக்கிறது. லோக்கி விற்ற வட்டுகளை உபுண்டு போன்ற இன்றைய லினக்ஸ் வழங்கல் ஒன்றில் நிறுவ முயல்பவரோ, அந்தக் காலத்து நூலகங்களைத் தேடிப்பிடித்து வைத்தாக வேண்டும். இத்தனைக்கும் அதே காலத்து விண்டோஸ் விளையாட்டுகள் பலவும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் வழியாக இன்றும் ஓடுகின்றன.

இந்த முரணுக்குக் காரணம், லினக்ஸ் உலகம் மூல நிரலை நம்பி வளர்ந்த உலகம் என்பதே. கட்டற்ற மென்பொருள் ஒன்றை, நூலகங்கள் மாறும்போதெல்லாம் வழங்கலைப் பராமரிப்பவர்களே மீண்டும் தொகுத்துக்கொள்வார்கள். வணிக விளையாட்டோ தொகுத்து முடித்த, கணினி மட்டுமே படிக்கக்கூடிய இருமக் கோப்பாக மட்டுமே கைக்கு வருகிறது, அதை உருவாக்கிய குழு ஓரிரு ஆண்டுகளில் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. பயனர் நிரல்களை உடைக்கும் மாற்றத்தை இயங்குதளத்தின் மையமான கர்னலில் அனுமதிக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பானவர். கர்னலுக்கு மேலே உள்ள அடுக்குகளில் அந்தக் கண்டிப்பு இல்லை. 2022இல், பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.36 பதிப்பு, நூலகத்துக்குள் இருப்பவற்றைத் தேட உதவும் டிடி_ஹாஷ் என்ற பழைய அட்டவணையைத் தன் கோப்புகளிலிருந்து நீக்கியது. அதை நம்பியிருந்த, ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைத் தடுக்கும் ஈஸி ஆன்ட்டி-சீட் என்ற நிரல் செயலிழக்க, அதைப் பயன்படுத்திய விளையாட்டுகளும் சேர்ந்து நின்றன. எந்த வழங்கலானாலும் ஒரே நூலகத் தொகுப்பு கிடைக்கும்படி ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஸ்டீம் ரன்டைம் என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்திருப்பது இத்தகைய விபத்துகளைக் குறைக்கத்தான்.

வால்வின் பெரிய முடிவு 2018 ஆகஸ்டில் வந்த ப்ரோட்டான். விளையாட்டு நிறுவனங்களிடம் லினக்ஸ் பதிப்பு கேட்டுக் காத்திராமல், விண்டோஸ் பதிப்பையே ஓடவைப்பது என்ற அந்த முடிவுக்கு, 1993இல் தொடங்கிய வைன் திட்டமும், 2016இல் வெளியான வல்கன் என்ற வரைகலை இடைமுகமும் முன்பே வழி அமைத்திருந்தன. விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டியின் கட்டளைகளை, வல்கனுக்கு முந்தைய ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றியபோது வேகம் பெரிதும் அடிவாங்கியது. வன்பொருளுக்கு இன்னும் நெருக்கமான வல்கனுக்கு அவற்றை மாற்றும் டிஎக்ஸ்விகே வந்தபின் நிலைமை தலைகீழானது. டைரக்ட்3டியை உள்ளடக்கிய டைரக்ட்எக்ஸின் 12ஆம் பதிப்புக்கு விகேடி3டி-ப்ரோட்டான் என்ற தனித் திட்டம் உண்டு. ஆனால் வரைகலை மட்டுமே சிக்கலாக இருந்ததில்லை. விண்டோஸ் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். பல நிகழ்வுகளில் ஏதேனும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் விண்டோஸ் வசதிக்கு லினக்ஸில் நேரான இணை இல்லாததால், கர்னல் 5.16இல் ஃபியூடெக்ஸ்_வெயிட்வி என்ற அழைப்பும், 6.14இல் என்டிசிங்க் என்ற இயக்கியும் (கர்னலோடு சேர்ந்து இயங்கும் நிரல்) சேர்க்கப்பட்டன. விண்டோஸ் நிரல்களுக்காக லினக்ஸ் கர்னலே வளைந்துகொடுத்த இந்த இடம்தான் எனக்கு முழுக் கதையிலும் மிகவும் பிடித்தது.

இப்படிச் செய்தால் லினக்ஸுக்கென எழுதும் பழக்கமே அற்றுப்போகும் என்று வருந்துபவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே, ஆனால் ராக்கெட் லீக் என்ற விளையாட்டை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் அதன் லினக்ஸ், மேக் பதிப்புகள் கைவிடப்பட்டபோது, இரண்டையும் சேர்த்தே விளையாடுபவர்களில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்று அதை உருவாக்கிய சியோனிக்ஸ் சொன்னது. அதன்பின் லினக்ஸ் பயனர்களுக்குக் கைகொடுத்தது விண்டோஸ் பதிப்பும் ப்ரோட்டானும்தான். எவரும் கவனிக்காத லினக்ஸ் பதிப்பைவிட, லட்சக்கணக்கானோருக்காகத் தொடர்ந்து பழுதுபார்க்கப்படும் விண்டோஸ் பதிப்பு மேல் என்றே நான் கருதுகிறேன்.

நிரலால் தீர்க்க முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது, அது ஏமாற்றுத் தடுப்பு. விண்டோஸில் பல விளையாட்டுகள் கர்னலுக்குள்ளேயே ஓர் இயக்கியை அமர்த்தி, வேறு நிரல்கள் நினைவகத்தைத் துழாவுகின்றனவா என்று கண்காணிக்கின்றன. தன் கர்னலைத் தானே மாற்றித் தொகுத்துக்கொள்ளும் உரிமை பயனருக்கு இருக்கும் லினக்ஸில், அந்தக் காவலுக்கு அதே மதிப்பு இருக்க முடியாது. ஈஸி ஆன்ட்டி-சீட்டும் அதே வகையைச் சேர்ந்த பேட்டில்ஐயும் 2021இலேயே ப்ரோட்டானை ஆதரிக்கத் தொடங்கிவிட்டன என்றாலும், அதை இயக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்களின் விருப்பம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் இயக்கியது. ஏமாற்றுபவர்கள் லினக்ஸைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று கூறி 2024 அக்டோபர் இறுதியில் நிறுத்திக்கொண்டது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வைனில் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு அதை உருவாக்கிய ரயட் நிறுவனம், தன் கர்னல் அளவிலான ஏமாற்றுத் தடுப்பான வேன்கார்டைக் கட்டாயமாக்கியதும் அந்த வாசலும் அடைபட்டது. விளையாட்டு முடிவுகளைச் சேவையகத்திலேயே சரிபார்ப்பது எந்த இயங்குதளத்துக்கும் பொருந்தும் வழி. செலவு அதிகம் என்பதாலும், குறிபார்க்க உதவும் நிரல்களை அதனால் மட்டும் பிடிக்க முடியாது என்பதாலும், கர்னல் இயக்கியை எந்த நிறுவனமும் எளிதில் கைவிடப்போவதில்லை.

ஆகையால் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு எதையும் வாங்குவதற்கு முன், அதன் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். தனியாக ஆடுபவற்றில் அந்தக் கவலை இல்லை. லினக்ஸ் பதிப்பு இருந்தும் அது நெடுநாளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தால், ஸ்டீமில் அந்த விளையாட்டின் பண்புகளுக்குள் போய், விண்டோஸ் பதிப்பை ப்ரோட்டானில் ஓட்டும்படி மாற்றிவைத்துவிடுகிறேன்.