அஃபர்வத்தில் இறங்கும் முன் ஏன் குழி தோண்டுகிறோம்

பனி கொட்டி ஓய்ந்து வானம் பளிச்சென்று வெளுத்திருக்கும் காலையில்தான் காஷ்மீரின் குல்மர்க்கில், பனிச்சறுக்குக்கு வருபவர்களோடு போகும் எங்களுக்கு வேலை அதிகம். கோண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டரில், அஃபர்வத் முகட்டருகே கொண்டுபோய் விடும். கண்காணிப்பில் உள்ள பகுதியைத் தாண்டிவிட்டால் சரிவைச் சோதித்துத் திறந்துவிட யாரும் கிடையாது. வந்தவர்களின் கண்ணெல்லாம் புதுப்பனி மேல் இருக்கும். நாங்கள் கவலைப்படுவது நவம்பரில் விழுந்த பழைய பனியைப் பற்றி.

பருவத் தொடக்கத்தில் 30, 40 செ.மீ. பனி விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்து கிடந்தால் பனிச்சரிவு ஆபத்து அங்கேயே விதைக்கப்படுகிறது. தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் 15க்குப் போய்விடும். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நீராவி மேலேறித் துகள்களைப் பட்டை தீட்டிய படிகங்களாக்கிவிடும். ஒரு கை அள்ளிப் பாருங்கள்: ரவை மாதிரி விரலிடுக்கில் ஓடும், உருண்டை பிடிக்க வராது. டிசம்பர் 21இல் தொடங்கும் சில்லாய் கலானின் 40 நாள் குளிரில் இந்த அடுக்கு இன்னும் தளர்ந்துபோகிறது. அதன்மேல், மேற்கிலிருந்து வரும் வானிலை அமைப்பான மேற்கத்திய இடையூறு ஒன்று ஒரு மீட்டர் பனியைக் கொட்டினால், ரவைப் பரப்பின் மேல் கடப்பைக் கல்லைச் சாய்த்து வைத்தது போலத்தான்.

அதனால் முதலில் குழி. இறங்கப்போகும் சரிவின் அதே திசை, அதே உயரம், அதே சாய்வு உள்ள ஒரு சின்ன இடமாகப் பார்க்க வேண்டும். அது சரிந்தாலும் ஆளைப் புதைக்கக் கூடாது. சுவரைச் சீவிவிட்டு மேலிருந்து கீழாகக் குத்திப் பார்க்கிறோம். மேலே ஒற்றை விரலே சிரமப்பட்டு நுழைகிற இடத்துக்குக் கீழே முஷ்டி முழுதாகப் போனால், அந்த எல்லைதான் சந்தேகத்துக்குரியது. பிறகு சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., சரிவின் மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு தூணைத் தனித்து வெட்டுகிறோம். ஒரு ஓரத்தில் மண்வாரியைப் படுக்கவைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. பிளவு 90 செ.மீ.யும் ஒரே ஓட்டமாக ஓடினால், அன்றைக்கு 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எதிலும் கால் வைப்பதில்லை. மேலடுக்கு பலகைபோல மொத்தமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சாய்வுக்குள் நடப்பவை. கண்ணளவை நம்பக் கூடாது, சாய்வுமானியை வைத்தே பார்க்க வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, தூணின் பின்பக்கத்தைக் கயிற்றால் முழுதாக அறுக்காமல் விடுவது. பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் தூண் உடையாது. உறுதியாக இருப்பதாக ஏமாற்றிவிடும். ஒழுங்காக அறுத்தும் உடையவில்லை என்றால்? அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கெட்ட முடிவை உடனே நம்புகிறோம். நல்ல முடிவு அந்த ஒரு குழிக்கு மட்டும்தான். காற்று முகட்டைத் தாண்டிப் பனியைக் கொண்டுவந்து கொட்டும் பக்கத்தில் பத்து மீட்டர் தள்ளினாலே கனம் மாறிவிடும். அதற்குப் புதுப்பனிகூட வேண்டாம், காற்று போதும்.

டிரான்ஸீவர் (புதைந்தவரைச் சமிக்ஞையால் தேடும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டும். கைபேசி டிரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50. புதைந்தவருக்குக் கிடைப்பது முதல் 10, 15 நிமிடம். கம்பி ஆளைத் தொட்டதும் அதை உருவக் கூடாது. பதற்றத்தில் எல்லோரும் நேர் மேலே நின்று தோண்டுவார்கள். உள்ளே இருப்பவரின் மூச்சுவெளியை அது மிதித்து நசுக்கிவிடும். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கீழே தள்ளி நின்று, சரிவுக்குள் குடைந்து போக வேண்டும்.

"அதான் பத்துப் பேர் போன தடம் இருக்கே" என்பார்கள். அந்த வாதத்துக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். இரண்டு மீட்டர் கனத்தில் ஓடும் பலகையின் அடியிலிருக்கும் ரவையை, மேலே போகிறவரின் எடை எட்டாமல் போகலாம். பதினோராவது ஆள் சற்றே விலகி, பாறையோரத்தில் பனி மெலிந்த இடத்தில் திரும்பினால் எட்டிவிடும். அங்கே தொடங்கிய பிளவு பத்துப் பேரின் தடத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்படிச் சொல்பவரிடம் புரோப் கம்பியைக் கொடுத்து, பாதுகாப்பான ஒரு பாறைப் பக்கத்தில் அவரையே குத்திப் பார்க்கச் சொல்கிறோம். நடுவில் இரண்டு மீட்டர் இறங்கிய கம்பி, பாறையோரம் அறுபது செ.மீ.யில் தட்டி நிற்கும்.